பத்தாயிரம் அடிகளும் பட்டியலின் கடைசிப் பெயரும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வேறு பேச்சுக்கு இடமில்லை. கைக்கடிகாரமோ கைப்பேசியோ காட்டும் அன்றைய காலடிக் கணக்கை அவரவர் படமெடுத்துப் போட வேண்டும். பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அவற்றையெல்லாம் தொகுத்து, அதிகம் நடந்தவர் முதலிலும் குறைவாக நடந்தவர் கடைசியிலுமாக ஒரு பட்டியல் வெளியிடுவான். 10,000 அடிகளைத் தாண்டியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி இருக்கும். தாண்டாதவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அவனுடைய அலுவலகத்தில் நடந்த போட்டியைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடு அவன் தொடங்கிய ஏற்பாடு இது. முதலிடம் பெரும்பாலும் அவனுக்குத்தான். நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களுக்குப் பயிற்சி எடுக்கிறவன். கடைசி இடம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு. அவருக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். 2,500, கொஞ்சம் கூடினால் 3,000 என்றுதான் அவருடைய எண் வரும். யாரும் அவரைக் கேலி செய்ததில்லை. “சூப்பர் அத்தை, நாளைக்கு இன்னும் கொஞ்சம்” என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் இரவு, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு எப்போது கிளம்புவது என்று கேட்பதற்காக அத்தையை அழைத்தேன். மூச்சு வாங்கியபடி பேசினார். “ஹாலுக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கேன்ப்பா, இன்னும் ஆயிரத்து நானூறு பாக்கி இருக்கு. நேத்தைவிடக் குறைஞ்சிடக் கூடாதுல்ல?” என்றார். முழங்கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். “வலிக்கத்தான் செய்யுது. ஆனா உன் மருமகன் லிஸ்ட்டுல தினம் நானே கடைசின்னா நல்லாவா இருக்கு?” என்றார். அவர் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பதில் என்னை விடவில்லை. இரவு பத்து மணிக்கு, வலிக்கும் காலோடு, சோபாவுக்கும் பூஜை அறைக்கும் நடுவே ஒரு மூதாட்டியை நடக்க வைக்கும் அதிகாரம் ஓர் எண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அந்த எண்ணைவிட அந்தப் பட்டியல்தான் பெரிய சிக்கல் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தேன்.

டோக்கியோவிலிருந்து வந்த இலக்கு

10,000 என்ற இலக்கு மருத்துவமனையிலோ ஆய்வுக்கூடத்திலோ பிறக்கவில்லை என்பது இப்போது பலருக்கும் தெரிந்த செய்திதான். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘மான்போ-கெய்’ என்று அதற்குப் பெயர். பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். நினைவில் நிற்கக்கூடிய, விளம்பரத்துக்கு ஏற்ற முழு எண். அங்கே நடைக் கழகங்கள் அதை ஏற்றுக்கொண்டன. பிறகு உலகமெங்கும் கைக்கடிகாரம் செய்கிறவர்கள் பலர் அதையே தொடக்க இலக்காக உள்ளே வைத்து அனுப்பினார்கள். வாங்குகிறவர் வயதும் முழங்காலும் எப்படியிருந்தாலும், பெட்டியைத் திறந்ததும் பல கடிகாரங்கள் அந்த எண்ணையே கேட்கும்.

டோக்கியோவுக்கும் நமக்கும் இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கப்பட்டது. அப்போது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் டோக்கியோ சென்றபோது அங்கே பார்த்த 8 கிலோமீட்டர் நடைபாதைதான் அதற்குத் தூண்டுதல். அடிக்கு 80 சென்டிமீட்டர் என்று நீட்டி நடக்கிற ஒருவருக்கு 8 கிலோமீட்டர் என்பது சரியாக 10,000 அடி. அத்தையின் அடி அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். அதே பாதையை அவர் நடந்து முடித்தால் கணக்கு 15,000ஐத் தாண்டிவிடும். இதைச் சொல்வதால் அந்தத் திட்டத்தைக் குறை கூறுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடக்க ஒரு நல்ல பாதை கிடைப்பது எந்த எண்ணையும்விடப் பெரிய விஷயம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியையும் சித்திரை வீதியையும் சுற்றி நடக்கிறவர்கள் இரு சக்கர வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

விற்பனைக்காகப் பிறந்தது என்பதாலேயே ஓர் எண் தவறாகிவிடாது. தற்செயலாகச் சரியாகவும் இருந்துவிடலாம். அதனால்தான் அதன் பிறப்புக் கதையோடு நிறுத்திக்கொள்ளாமல், நடையையும் ஆயுளையும் சேர்த்து அளந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தேன்.

வளைகோட்டில் குடும்பத்தை நிறுத்தியபோது

ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அத்தைக்காகவே செய்ததுபோல இருந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் 16,741 பெண்கள். சராசரி வயது 72. ஒவ்வொருவரும் ஒரு வாரம் இடுப்பில், அசைவை அளக்கும் முடுக்கமானி ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அதன்பின் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் காலத்தில் 504 பேர் இறந்தார்கள். நடையின் அளவைக் கொண்டு பெண்களை நான்கு பிரிவாக்கியபோது, மிகக் குறைவாக நடந்த பிரிவின் இடைநிலை அளவு (வரிசையில் நடுவில் நிற்பவரின் கணக்கு) நாளுக்கு 2,718 அடிகள். அடுத்த பிரிவுக்கு 4,363. இந்த இரண்டாம் பிரிவினரின் இறப்பு அபாயம் முதல் பிரிவைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. மிக அதிகம் நடந்த பிரிவின் இடைநிலை அளவு 8,442. அங்கே குறைவு 58 சதவீதம். அடிகள் கூடக் கூட அபாயம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் வளைகோடு, ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் தட்டையாகிவிட்டது. வேகமாக நடந்தார்களா, மெதுவாக நடந்தார்களா என்பதற்கு, மொத்த அடிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, தெளிவான தனிப் பயன் தெரியவில்லை.

அந்த எண்களை ஒரு தாளில் வரைந்துகொண்டு, எங்கள் குழுவிலுள்ள ஒவ்வொருவரையும் அவரவர் காலடிக் கணக்குக்கு நேராகக் குறித்துப் பார்த்தேன். என் கருத்து திரும்பிய இடம் அதுதான். இடது ஓரத்தில், கோடு செங்குத்தாக இறங்கும் பகுதியில், அத்தை மட்டும் தனியாக நின்றார். 2,718இலிருந்து 4,363க்குப் போக வேண்டிய தூரம் 1,645 அடிகள். அந்தச் சிறிய தூரத்தில் 41 சதவீதம். அங்கிருந்து 8,442 வரை போக இன்னும் 4,079 அடிகள் வேண்டும். அந்தப் பெரிய தூரத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 17 சதவீதப் புள்ளிகள். தினமும் பச்சைக் குறி வாங்குகிற நாங்கள் பெரும்பாலும் கோடு படுத்துவிட்ட பகுதியில் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தோம். 11,000 நடந்தவன் 12,000 நடந்தவனிடம் தோற்றதற்காகக் கவலைப்பட்டதும், அதற்காக இரவு உணவுக்குப் பின் மொட்டை மாடிக்குப் போய் நடந்ததும் அந்தக் கோட்டில் கண்ணுக்குத் தெரியும் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. மூவாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு அத்தை நகர்ந்த வாரம்தான் எங்கள் குடும்பத்தில் அந்த மாதம் நடந்த மிகப் பெரிய உடல்நல முன்னேற்றமாக இருந்திருக்கக்கூடும். பட்டியலில் அந்த வாரமும் அவர் கடைசி. அதாவது, யாருக்கு ஒவ்வொரு கூடுதல் அடியும் அதிகப் பயன் தருமோ அவரை அந்தப் பட்டியல் கீழே வைத்தது. யாருக்கு அது ஏறக்குறைய எதையும் சேர்க்காதோ அவர்களை மேலே வைத்துப் பாராட்டியது.

என் அக்கா மகன் ஒன்றும் 72 வயதுப் பெண்மணி அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் பொதுச் சுகாதார இதழில் வெளியான தொகுப்பாய்வு, 15 ஆய்வுத் தொகுதிகளிலிருந்து ஏறத்தாழ 47,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 அடிகளிலும் பயன் சமனாகத் தொடங்குகிறது என்றது அது. ஆகவே இளைஞர்களுக்கு 10,000 என்பது அபத்தமான இலக்கு அல்ல. அதே இதழில் 2025இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, 2,000 அடிகளோடு ஒப்பிட்டால் 7,000 அடிகளில் இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவு என்றது. எண்கள் ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் நகர்கின்றன, கோட்டின் வடிவம் மாறவில்லை. கீழே செங்குத்து, மேலே சமதளம்.

இவையெல்லாம் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகள். யாரையும் நடக்க வைத்தும் உட்கார வைத்தும் பரிசோதித்தவை அல்ல. நோயாளி குறைவாக நடப்பார், நோயாளி சீக்கிரம் இறப்பார். அதனால் நடையின் குறைவே இறப்புக்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்கள் இதற்காகப் பல திருத்தங்கள் செய்கிறார்கள் என்றாலும் ஐயம் முழுவதும் நீங்குவதில்லை. இந்தத் துறையின் முதல் பெரிய ஆய்விலேயே இந்தச் சிக்கல் இருந்தது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் 1953இல் லண்டன் பேருந்துப் பணியாளர்களை ஒப்பிட்டு, நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட, இரட்டை மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டு கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். நடை பற்றிய இன்றைய ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். ஆனால் 1956இல் அவரே, நிறுவனம் அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு இளம் வயதிலேயே நடத்துநர்களைவிடப் பெரிதாக இருப்பது தெரிந்தது. பருமனான உடல்வாகு உள்ளவர்கள் ஓட்டுநர் வேலைக்கு வந்திருக்கலாம் அல்லவா? தன் முடிவையே கேள்வி கேட்கத் தையற்காரரின் குறிப்பேட்டைத் தேடிப் போன அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் 99 வயது வரை வாழ்ந்தார்.

கருவி எதை அடி என்கிறது

பொறியியல் படித்தவன் என்பதால் அடுத்ததாக அந்தக் கடிகாரத்துக்குள் போனேன். மோரிஸ் பேருந்தின் மாடிப்படிகளைத்தான் நம்பியிருந்தார். இன்று எண்ணுவது நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு. அதற்குள் சிலிக்கானால் செய்த மிக நுண்ணிய எடை ஒன்று, நுண்ணிய வில்களில் தொங்குகிறது. பிரேக் போட்டதும் பேருந்தில் நிற்கிறவர் முன்னால் சாய்வதைப்போல, கை அசையும்போது அந்த எடை சற்றுப் பின்தங்குகிறது. பக்கத்திலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடைவெளி மாறுவதால் மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த மாற்றமே முடுக்கத்தின் அளவு. 1990களின் தொடக்கத்தில் இந்தச் சில்லுகள் கார் மோதும்போது காற்றுப் பையை விரிப்பதற்காகச் சந்தைக்கு வந்தன. 2006இல் நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவியில் கையசைவை உணர்ந்தன. அந்த விளையாட்டைப் பார்த்துத்தான் தங்களுக்கு யோசனை பிறந்தது என்று, காலடி எண்ணும் கருவிகளை விற்கும் ஃபிட்பிட் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விபத்துக்காகச் செய்த பொருள் விளையாட்டு வழியாக உடல்நலத்துக்கு வந்து சேர்ந்த இந்தப் பாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்தச் சில்லுக்கு ‘அடி’ என்றால் என்னவென்று தெரியாது. நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை வரும் ஒழுங்கான ஏற்ற இறக்கத்தை மென்பொருள் தேடிப் பிடிக்கிறது. தனியாக வரும் ஓர் அசைவை அடியென்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, தொடர்ந்து பல அசைவுகள் ஒரே தாளத்தில் வந்தால்தான் பல கருவிகள் எண்ணத் தொடங்கும். வாலிபமான கால், வீசி நடக்கும் கை, தடையில்லாத பாதை ஆகியவை இருந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். அத்தையின் நடையோ வேறு. காலைத் தேய்த்து, மெதுவாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி ஏறுவார். அடுக்களையில் நான்கு எட்டு வைத்து நின்று, திரும்பி மூன்று எட்டு வைப்பார். மெதுவான நடையில் காலடி எண்ணிகள் குறைத்து எண்ணுவது நன்கு தெரிந்த குறைபாடு. தள்ளுவண்டியையோ குழந்தை வண்டியையோ பிடித்துக்கொண்டு நடக்கும்போது மணிக்கட்டு அசையாததால் கணக்கு விழாமலே போவதும் அப்படித்தான். லீயின் ஆய்வில் கருவி இடுப்பில் இருந்தது. அத்தையின் கருவி கையில் இருந்தது. ஆகவே அவருடைய 2,500 உண்மையில் 2,500தானா என்பதே சந்தேகம்.

கடிகாரம் இல்லாமல் கைப்பேசியை நம்புகிறவர்களின் நிலை இன்னும் மோசம். 2017இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, 111 நாடுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கைப்பேசிக் கணக்குகளைத் தொகுத்தது. உலகச் சராசரி நாளுக்கு 4,961 அடிகள், ஹாங்காங்கில் 6,880, இந்தியாவில் 4,297. பல நாடுகளில் பெண்களின் எண் ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. பெண்கள் வெளியே நடக்கத் தோதான தெருக்கள் இல்லை என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கும். நம் ஊரில் அது உண்மையும்கூட. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் உடுத்தும் புடவையிலும் நைட்டியிலும் பை கிடையாது என்பதையும், காலை ஐந்து மணியிலிருந்து அவர்கள் நடக்கிற நேரமெல்லாம் கைப்பேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கிறது என்பதையும் எந்தச் சில்லு கணக்கில் எடுத்துக்கொள்ளும்? ‘எரித்த கலோரி’ என்று கீழே காட்டுகிற எண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கைக்கருவிகளைப் பரிசோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரிக் கணக்கில் இருப்பவற்றுள் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம்.

யார் யாரைத் தூண்டுகிறார்கள்

பட்டியல் போடுவதற்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றே ஒன்றுதான்: மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் எழுந்து நடப்பார். கேட்க இயல்பாக இருக்கிறது, நானும் அதைச் சந்தேகிக்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சினான் ஆரலும் கிறிஸ்டோஸ் நிகொலைடீஸும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. சமூக வலைத்தளம் ஒன்றில் இணைந்திருந்த ஏறத்தாழ 11 லட்சம் ஓட்டக்காரர்களின் ஐந்தாண்டுப் பதிவுகள் அவர்களுக்குக் கிடைத்தன. ஓடுகிறவர்கள் ஓடுகிறவர்களோடுதான் நட்பாகிறார்கள் என்பதால், நண்பர் ஓடியதால் இவர் ஓடினாரா என்று சாதாரணமாகச் சொல்ல முடியாது. அதற்கு அவர்கள் மழையைப் பிடித்துக்கொண்டார்கள். என் நண்பர் வேறொரு ஊரில் இருக்கிறார். அங்கே நல்ல வெயில் அடித்ததால் அவர் கூடுதலாக ஓடுகிறார். என் ஊர் வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்று நானும் கூடுதலாக ஓடினால், அது அவருடைய பதிவின் தூண்டுதலாகத்தான் இருக்க வேண்டும். இப்படிப் பிரித்தெடுத்துப் பார்த்ததில், நண்பர்கள் கூடுதலாக ஓடிய ஒரு கிலோமீட்டர் இவரை அதே நாளில் ஏறத்தாழ 300 மீட்டர் கூடுதலாக ஓட வைத்தது. தூண்டல் உண்மைதான்.

ஆனால் அது பாயும் திசையைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குறைவாக ஓடுகிறவர்கள் அதிகம் ஓடுகிறவர்களைத் தூண்டினார்கள்; அதிகம் ஓடுகிறவர்கள் குறைவாக ஓடுகிறவர்களைத் தூண்டவில்லை. பின்னால் வருகிறவன் நெருங்கிவிடுவானோ என்ற அச்சம் முன்னால் ஓடுகிறவனை விரட்டுகிறது; எட்ட முடியாத தூரத்தில் ஓடுகிறவனைப் பார்க்கும் பின்னவனுக்கோ எதுவும் தோன்றுவதில்லை. அது ஓட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வு, அத்தைகளைப் பற்றியது அல்ல என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எங்கள் குழுவில் நடந்ததை அது கச்சிதமாக விளக்கியது. அத்தை இரவு பத்து மணிக்கு 1,400 அடிகள் கூடுதலாக நடந்தார் என்றால், அதனால் பதறியவர் அவருக்கு மேலே இருந்த என் தம்பி. அவர் இன்னும் 2,000 நடந்தார். அத்தையைத் தூக்கி நிறுத்துவதாகச் சொல்லப்பட்ட ஏற்பாடு, அத்தையைப் பயன்படுத்தி மற்றவர்களைத் தூக்கி நிறுத்தியது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் மனக்குறை என்னவென்று தெளிவாகும். இலக்கு, வளைகோட்டின் தட்டையான பகுதியில் நடப்பட்டிருக்கிறது. கருவி, மெதுவாக நடப்பவரின் அடிகளைத் தவற விடுகிறது. பட்டியல், மேலே இருப்பவர்களையே மேலும் ஓட்டுகிறது. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களுக்காக, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் உருவானவை. ஆனால் மூன்றுமே ஒரே ஆளுக்கு எதிராகச் சாய்ந்திருக்கின்றன.

எண்ணுக்காகவே எண்ணைத் தேடுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். சீனாவில் கைப்பேசியைத் தொட்டிலில் இட்டு ஆட்டுவதுபோல ஆட்டி அடிக்கணக்கை ஏற்றித் தரும் சிறு பொறிகள் விற்கின்றன. இந்தோனேசியாவில் 2024இல், ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில், பணம் வாங்கிக்கொண்டு உங்கள் கணக்கில் உங்களுக்குப் பதிலாக ஓடித் தரும் ‘ஸ்ட்ராவா ஜாக்கி’கள் கிளம்பினார்கள். இவை செய்தித்தாளுக்கு நல்ல தீனி. எனக்கு இவற்றின்மேல் பெரிய கோபம் இல்லை. ஏமாற்றுகிறவருக்குத் தான் ஏமாற்றுவது தெரியும். நேர்மையாக நடந்து, நேர்மையாகத் தோற்று, அதைத் தன் உடலின் குறை என்று நம்புகிறவரைப் பற்றித்தான் கவலை.

அக்கா மகனின் மறுப்பு

இதையெல்லாம் அவனிடம் சொன்னபோது அவன் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. “இலக்கே இல்லைன்னா யாரு மாமா நாற்காலியை விட்டு எழுந்திருப்பாங்க?” என்றான். அவன் பக்கமும் வலுவான ஆதாரம் உண்டு. காலடி எண்ணிகளைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து, டீனா பிரவாட்டா தலைமையிலான ஸ்டான்ஃபோர்டு குழு 2007இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றை அணிந்தவர்கள் முன்பைவிட ஏறத்தாழ 27 சதவீதம் கூடுதலாக நடந்தார்கள் என்று காட்டப்பட்டிருக்கிறது. வெறுமனே கருவியை மாட்டிக்கொண்டால் போதாது, ஓர் இலக்கும் இருக்க வேண்டும் என்பதும் அதில் தெரிந்தது. அவனே அதற்குச் சாட்சி. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்தவன், அந்தப் பச்சைக் குறிக்காக நடக்கத் தொடங்கித்தான் ஓட்டத்துக்கு வந்தான். ஆகவே எண்ணுவதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை.

நான் கேட்டதெல்லாம், 74 வயதுக்காரருக்கும் 29 வயதுக்காரனுக்கும் ஒரே கோடு எதற்கு என்பதுதான். அத்தைக்கு அவருடைய பிசியோதெரபிஸ்ட் வேறொரு கணக்கை வைத்திருந்தார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது அது. 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு அந்த எண்ணிக்கை 10க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று கொள்கிறார்கள். தடுக்கி விழும் அபாயத்தை அறிய அது உதவும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நடையோடு நிறுத்திக்கொள்ளாமல், சமநிலையையும் தசை வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களாவது செய்யச் சொல்கிறது. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் அப்போது எடுத்துவிட்டார்கள். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவிலான சிறு நடைகளுக்கும் மதிப்பு வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழும் கணக்கைக் கைக்கடிகாரம் கேட்பதில்லை. வலிக்கும் முழங்காலோடு இரவில் நடந்த 1,400 அடிகளால் மறுநாள் காலை அந்தப் பயிற்சியைச் செய்ய முடியாமல் போன நாட்களும் உண்டு என்று பிறகுதான் அத்தை சொன்னார்.

கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். மொத்த அடிகளைக் கொண்டு வரிசைப்படுத்துவதற்குப் பதில், போன மாதச் சராசரியைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று வரிசைப்படுத்தலாமே? 2,500இலிருந்து 3,200க்குப் போனவர் முதலிடத்துக்கு வந்துவிடுவார். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா முதல் மாசம் எல்லாரும் படுத்தே கிடப்பாங்க மாமா. அடுத்த மாசம் எழுந்தாலே முதலிடம்தானே?” என்றான். அலுவலகப் போட்டிகளில் இந்தத் தந்திரத்தை அவன் பார்த்திருக்கிறானாம். சிரிப்பு வந்தாலும் அவன் சொன்னது சரிதான்; எந்த அளவுகோலை வைத்து வரிசைப்படுத்தினாலும் அதை வளைக்க ஒரு வழி இருக்கும். அப்படியானால் வரிசையே வேண்டாம், அவரவர் கணக்கை அவரவருடைய முந்தைய கணக்கோடு ஒப்பிட்டுத் தனித்தனியாக அனுப்பு, குறைந்தபட்சம் 60 வயதைத் தாண்டியவர்களுக்காவது அப்படிச் செய் என்றேன். பட்டியல் இல்லாவிட்டால் பாதிப் பேர் படம் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள் என்றான். நிறுத்தட்டும் என்றேன். அதை அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஸ்ரீரங்கம் போகும்போது அத்தையிடமே கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.